சிவப்புக் கோட்டுச் சம்மந்தி

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறவள் நான். எந்தப் போட்டோவைக் காட்டினாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டேன், உடுப்பைத்தான் பார்ப்பேன். என் மகள் அமெரிக்காவிலிருந்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட அந்தப் போட்டோவிலும் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு சிவப்புக் கோட்டுதான். முழுக் கம்பளித் துணி. நெஞ்சில் இரண்டு வரிசைப் பொத்தான். பொத்தான் மாட்டுகிற காஜா எல்லாம் கையால் எடுத்தது. மெஷின் காஜாவாக இருந்தால் ஓரம் அப்படி உருண்டு நிற்காது. எவனோ நல்ல வேலைக்காரன் தைத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்ட பிறகுதான், கோட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரர் முகமும், கையில் நீளத் துப்பாக்கியும் இருப்பதைக் கவனித்தேன். எனக்குச் சம்மந்தியாக வரப்போகிறவர் அவர். மகள் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பா.

அதே போட்டோவைப் புதூர்ப் பக்கம் ஒரு காட்டில் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த என் அண்ணனும் பார்த்தார். அவர் காஜாவைப் பார்க்கவில்லை. உடனே போன் வந்தது.

“ஏட்டி, இவன் பட்டாளத்தான்லா. நம்ம ஆளச் சுட்டவன் போட்டிருந்த சட்டைலா இது. இவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கதுக்கு நான் வரல.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அண்ணன் வராவிட்டால் என்ன, கல்யாணம் நடக்காதா என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரியாது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே என் வீட்டுக்காரர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு அப்பா என்றால் அது என் அண்ணன்தான். காலேஜில் சேர்க்கும்போது ஆட்டு மணம் போகாத வேட்டியோடு வந்து கையெழுத்துப் போட்டவர் அவர். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அனுப்ப வேண்டும். மகளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. “மாமா மாலை போடாம நான் மணவறையில உக்கார மாட்டேம்மா” என்று மட்டும் சொன்னாள். அவள் கத்தினால் சமாளித்துவிடலாம். அடங்கிப் பேசினால் அதை மாற்றவே முடியாது. மண்டபம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள்.

அண்ணனின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கிராமத்து மேய்ச்சல் காட்டில், ஒரு உடைமரத்துக்குக் கீழே செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு மேடை உண்டு. பாளையக்காரர் காலத்துச் சண்டையில் இந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒருவன் தாகத்தில் செத்து அங்கே புதைந்திருக்கிறான் என்று சொல்வார்கள். பட்டாளத்தான் மேடை என்று பெயர். ஆடு முதல் ஈத்து நல்லபடியாக ஈன்றால் அந்த மேடையில் ஒரு சுருட்டைப் பற்ற வைத்துவிட்டு வருவது எங்கள் ஆட்டுக்காரர்கள் வழக்கம். வைக்காவிட்டால் அவன் கோபித்துக்கொண்டு ஆட்டை முடக்கிவிடுவானாம். அதே சண்டையில் எங்கள் முன்னோர் ஒருவரும் குண்டடிபட்டுச் செத்தார். அவருக்குப் பெயரும் தெரியாது, புதைத்த இடமும் தெரியாது. சுட்டவனுக்கு மேடை, செத்த நம்ம ஆளுக்கு ஒரு கல்லுகூட இல்லை என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் வைதுகொண்டேதான் சுருட்டைப் பற்ற வைப்பார். வைவார், ஆனால் வைக்காமல் விட மாட்டார்.

அந்தச் சிவப்புக் கோட்டு வெறும் வேஷம்தான் என்பது எனக்குத் தெரியும். மகள் வேலை பார்ப்பது ஒரு சின்ன ஊர். அமெரிக்கா என்றால் நாமெல்லாம் வானத்தை முட்டுகிற கட்டடத்தைத்தான் நினைக்கிறோம். அவள் ஊரில் ஒரு தென்னை உயரத்துக்குக்கூடக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து எனக்கு அந்த ஊரைக் காட்டியிருக்கிறாள். நான் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக்கொண்டே பார்ப்பேன்.

ஊருக்கு நடுவில் ஒரு புல்வெளி. இங்கிலீஷ் ராஜா அவர்களை ஆண்ட காலத்தில் ஊர் ஆடுமாடெல்லாம் மேய்ந்த பொது நிலமாம். ராஜாவை எதிர்த்துக் கிளம்பியபோது சம்சாரிகள் ஏர் கலப்பையைப் போட்டுவிட்டு அதில் கூடித்தான் துப்பாக்கி பழகியிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே மேய ஒரு ஆடு இல்லை, ஆனாலும் ஒரு சென்ட் நிலம் குறையவில்லை. நம் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கெல்லாம் என்ன கதியாகியிருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புல்வெளி ஓரத்தில் வெள்ளையடித்த மர மண்டபம் ஒன்று; ஜெபமும் அங்கேதான், ஊர்க்கூட்டமும் அங்கேதான் நடந்ததாம். அதன் உச்சியில் ஒரு மணி. வீடுகளெல்லாம் மரத்தால் கட்டியவை. முகப்புக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால்கூட என்ன நிறம் என்று ஊர்க் குழுவைக் கேட்க வேண்டுமாம். என் வீட்டுச் சுவருக்கு நீ யாருடா நிறம் சொல்ல என்று எனக்கு முதலில் ஆத்திரமாகத்தான் வந்தது. ஒரு வீட்டுக் கதவைக் காட்டினாளே, அப்போதுதான் ஆத்திரம் அடங்கியது. கதவில் ஒரு ஓட்டை. அந்தச் சண்டையில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை. இத்தனை தலைமுறையாக அதை அடைக்காமல், மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். இங்கே என்றால் நாம் மறுநாளே பட்டி வைத்துப் பூசி, பொங்கலுக்கு ரோஸ் கலர் அடித்திருப்போம். ஓட்டையைக்கூட மதிக்கத் தெரிந்த சனம் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாகவும் இருந்தது.

நம் சித்திரை மாதம் பிறக்கிற சமயத்தில் அந்த ஊரில் வருடா வருடம் அந்தச் சண்டையை நாடகமாகத் திரும்ப நடத்துவார்கள். பலசரக்குக் கடைக்காரர், வாத்தியார், தச்சர் எல்லோரும் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, குண்டில்லாமல் வெறும் மருந்தை மட்டும் வெடித்து, புல்வெளியில் ஓடி விழுவார்கள். என் சம்மந்தி வருடா வருடம் ராஜாவின் பட்டாளத்தான் வேஷம். வருடா வருடம் சாவார். அந்தக் கோட்டுகூடக் கடையில் வாங்கியது இல்லை, பழங்காலத்துத் தையலைப் படித்து அவரே கையால் தைத்திருக்கிறார். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடிவிட்டது.

இதையெல்லாம் சொல்லி அண்ணனைத் திருப்பிவிடலாம் என்று நான் பஸ் ஏறிப் போனேன். ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில் வேப்பங்குச்சியால் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

“சரி, நடிப்புன்னே வச்சுக்குவோம். அந்த ஊருல எல்லாரும் வெள்ளைக்கார ராசாவ எதுத்து நின்னவுக வம்சம்னு சொல்லுத. அப்ப இந்த ஆளு மட்டும் ஏன் அந்தப் பக்கம் நிக்கான்?”

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. “செத்த வெள்ளைக்காரனுக்குச் சுருட்டு வைப்ப. உயிரோட இருக்கவருக்கு ஒரு வாய் காப்பி குடுக்க மாட்டியாண்ணே?” என்று கேட்டுவிட்டேன்.

“செத்தவன் பொண்ணு கேக்க மாட்டாம்லா” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அண்ணன் வாயிலிருந்து சம்மந்தி என்ற சொல்லை மட்டும் வாங்க முடியவில்லை; அந்த ஆளு, அந்த ஆளு என்றேதான் பேசினார்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சம்மந்தி நல்ல உயரம், வெள்ளை மீசை, நடக்கும்போது ஒரு முழங்கால் லேசாக இழுக்கும். என் கடைக்கு வந்து நின்று, நான் தைத்து வைத்திருந்த மகளின் கல்யாண ஜாக்கெட்டை எடுத்துப் புரட்டினார். வெளிப்பக்கம் பார்க்கவில்லை, உள்பக்கத் தையலைப் பார்த்தார். அது போதாதா எனக்கு? ஒரு பெட்டி கடலைமிட்டாயை எடுத்துக் கொடுத்து உட்கார வைத்தேன். மகள் மெதுவாக விஷயத்தை அவரிடம் சொன்னாள். போட்டோவைப் பற்றி, மாமாவைப் பற்றி, மேடையைப் பற்றி, சண்டையில் செத்த எங்கள் முன்னோரைப் பற்றி. அவர் கையிலிருந்த மிட்டாயைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். பிறகு, நானே போய் அவரைப் பார்க்கிறேன், அவர் இடத்திலேயே பார்க்கிறேன் என்றார். மாப்பிள்ளையையும் அவன் அம்மாவையும் மண்டப வேலைக்கு விட்டுவிட்டு, நான், மகள், சம்மந்தி மூன்று பேரும் மறுநாள் காலையில் கார் பிடித்துக் கிளம்பினோம்.

தார் ரோட்டிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கியதும் கார் புதைந்துவிட்டது. கரிசல் மண் நனைந்தால் ஆளையே விடாது, காரையா விடும்? சம்மந்தி இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் பூட்ஸில் மண் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் ஒரு உரல் கனம் ஆகிவிட்டது. அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். எனக்கு மனசுக்குள் ஒரே பதைப்பு. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தவரை என் அண்ணன் என்ன சொல்லி அவமானப்படுத்தப் போகிறாரோ என்று சாமியை வேண்டிக்கொண்டே போனேன்.

அண்ணன் உடைமரத்தடியில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆடுகள் பக்கத்தில் மேய்ந்தன. மேடையும் அங்கேதான் இருந்தது. வீடு தேடி எதிரியே வந்தாலும் வாங்க என்று சொல்லுகிற மனிதர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சம்மந்தி கையில் இருந்த பூட்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அண்ணன் கம்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. மகளைப் பார்த்து, என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்த ஆளு ஏன் அந்தப் பக்கம் நிக்காருன்னு கேளு என்றார். ‘நிக்கான்’ போய் ‘நிக்காரு’ வந்திருந்தது. அதை நான் கவனித்தேன்.

சம்மந்தி அவசரப்படாமல் சொன்னார், மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருடைய தாத்தா அந்தச் சண்டை முடிந்து பல தலைமுறை கழித்துக் கப்பலில் வந்தவராம். பஞ்சாலையில் கூலி. சண்டையில் இவர்கள் வம்சம் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இவர் வாலிபத்தில் முதல்முதலாக அந்த விழாவில் சேரப் போனபோது, ஊரில் எல்லோரும் எங்கள் பாட்டன் இங்கே நின்றான், எங்கள் பூட்டன் அங்கே நின்றான் என்று ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டார்கள். எதிரி வேஷத்துக்கு ஒருவரும் வரவில்லை. வந்தேறி வீட்டுப் பையன்தானே என்று இவருக்குச் சிவப்புத் துணியைக் கொடுத்தார்கள்.

“எதிர்ல ஒருத்தருமே இல்லாட்டா அவங்க யாரை எதுத்து நின்னாங்கன்னு காட்டுவாங்கன்னு கேக்காங்க மாமா” என்றாள் மகள்.

அதோடு விடவில்லை. ராஜாவின் பட்டாளத்தில் அந்தச் சண்டையில் செத்த சிலரை ஊரார் ஒரு கல் சுவரோரம் புதைத்திருக்கிறார்கள். வேஷம் போட ஆரம்பித்த பிறகு சம்மந்திக்கு அவர்கள் நினைப்பாகவே இருந்ததாம். வருடா வருடம் பனி உருகியதும் அந்தக் கல்லை வெறும் தண்ணீர் விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் அவர்தான் கழுவுகிறார். ஏழை வீட்டுப் பையன்கள், எங்கே போகிறோம் என்று தெரியாமலே கப்பலில் ஏறி வந்தவர்கள், எங்கள் தாத்தா மாதிரி, என்றார்.

அண்ணன் மேடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “பஞ்சாலையிலயா இருந்தாரு இவிய தாத்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள் மகள். ஆட்டோடு பருத்தியும் போட்டு நட்டப்பட்டே பழகிய மனிதருக்கு அது ஒரு உறவு மாதிரிப் பட்டதோ என்னமோ, கம்பை மரத்தில் சாய்த்து வைத்தார். எப்படி விழுவாருன்னு காட்டச் சொல்லு என்றார்.

நான் பதறிப்போனேன். மழை ஈரம், முழங்கால் வேறு சரியில்லை, வயசான மனிதர். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சம்மந்தி நாலு அடி பின்னால் போய்விட்டார். கையில் இல்லாத துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தார். திடீரென்று நெஞ்சில் எதுவோ பட்டதுபோல ஒரு கையை வைத்தார். முகத்தில் வலிக்கு முன்னால் ஒரு ஆச்சரியம் வந்தது. முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சரிந்து, வெள்ளைச் சட்டையோடு கரிசலில் முகம் பட விழுந்தார். ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் நினைத்துக்கொண்டேன், இன்னும் ஒரு மூச்சு, இப்போது எழுந்துவிடுவார் என்று. அசைவே இல்லை. ஏட்டி, என்னாச்சுன்னு பாரு என்று மகளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“அவங்க ஊருல செத்தவங்க தானா எந்திரிக்கக் கூடாதும்மா. அந்த மண்டபத்து மணி அடிக்கணும். மணி அடிச்சாத்தான் எந்திரிப்பாங்க. அது வரைக்கும் மத்தவங்க தொப்பியைக் கழட்டிட்டு நிப்பாங்க.”

அந்தக் காட்டில் மணிக்கு எங்கே போக? நான் சம்மந்தியைத் தட்டி எழுப்பக் குனிந்தேன். அண்ணன் கையை நீட்டி என்னைத் தடுத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். முன்னால் போகிற கிடாயைக் காதைப் பிடித்து இழுத்து, அதன் கழுத்திலிருந்த வெண்கல மணியைக் கழற்றினார். முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. மணியைக் கையில் தூக்கிப் பிடித்து மெதுவாக ஆட்டினார்.

சம்மந்தி கண்ணைத் திறந்தார். அந்த மணியைத்தான் இத்தனை நேரம் எதிர்பார்த்துக் கிடந்தவர் மாதிரி எழுந்து உட்கார்ந்தார். பாதி முகம் கறுப்பு மண். அண்ணன் போய்க் கையைக் கொடுத்தார்.

“எந்திரிங்க சம்மந்தி” என்றார்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அண்ணன் மடியிலிருந்து சுருட்டை எடுத்து, பற்ற வைத்து, சம்மந்தி கையில் கொடுத்து, மேடையில் வைக்கச் சொன்னார். சம்மந்தி வைத்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, சண்டையில் செத்த உங்கள் ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அண்ணன் கையை நீட்டி அந்தக் காடு முழுவதையும் ஒரு சுற்றுக் காட்டினார். சம்மந்தி எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல், நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

கல்யாணத்தன்று அண்ணன் விடிவதற்கு முன்பே மண்டபத்துக்கு வந்துவிட்டார். கோடி வேட்டி, கையில் ரோஜா மாலை. அவர் மாலை போடும்போது மகள் குனிந்துகொடுத்தாள். அந்தச் சம்மந்திக்கும் ஒரு மாலை கொண்டுவந்திருந்தார். உயரம் எட்டாமல் அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டதில் மண்டபமே சிரித்தது.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் ஒரு காரியம் செய்தார். கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, மேடைக்கு எதிரே நட்டார். பேரு என்ன வெட்டணும் என்று கல்லுக்காரர் கேட்டதற்கு, தெரிஞ்சா வெட்ட மாட்டனா என்று சொல்லி வெறுங்கல்லாகவே நட்டுவிட்டார்.

போன சித்திரையில் மகள் வீடியோ அனுப்பினாள். புல்வெளியில் சிவப்புக் கோட்டோடு சம்மந்தி விழுந்து கிடக்கிறார். ஊரே தொப்பியைக் கழற்றி நிற்கிறது. அப்புறம் வெள்ளை மண்டபத்துக்குள்ளே காட்டுகிறார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மணிக் கயிற்றை இழுப்பது என் மகள். அந்த வருடம் மணி அடிக்கிற வேலையை ஊரார் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் மணி அடித்ததும் சம்மந்தி எழுந்துவிட்டார். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு, பார்த்தியாண்ணே என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டது. இன்னும் காட்டிலேயா இருக்கே என்றேன்.

“நம்ம ஆளு கல்லுகிட்ட நின்னு, நானும் மணிய அடிச்சுப் பாத்தேன் ஏட்டி” என்றார். “எந்திரிக்கல. இருந்தாலும் அடிச்சாச்சு.”